முட்டை இல்லாத சாக்லேட் சிப் குக்கீ பரந்து ஓடுது. பிறந்தநாள் பரிசா கோவையிலிருந்து சென்னைக்கு அனுப்பணும்

புதுஅடுப்பு

வணக்கம். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிற பொண்ணுக்கு அடுத்த சனிக்கிழமை பிறந்தநாள். அவங்க சென்னையில வேலை பார்க்கறாங்க, நான் கோவை. சாக்லேட் சிப் குக்கீயை நானே செஞ்சு கூரியர்ல அனுப்பலாம்னு இருக்கேன். அவங்க முட்டை தொட மாட்டாங்க, அதனால முட்டை இல்லாமதான் செய்யணும்.

கையில இருக்கிறது: 28 லிட்டர் ஓடிஜி (மேஜை மேல வைக்கிற மின்சார அடுப்பு), விசிறி இல்லாத மாடல். மின்சார பீட்டர் இல்லை, விஸ்க் இருக்கு. அமுல் வெண்ணெய், உப்பு போட்டது. மைதா, சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, சமையல் சோடா, வெனிலா எசென்ஸ், சாக்லேட் சிப்ஸ்.

இணையத்துல கிடைச்ச அமெரிக்க அளவுல பாதி எடுத்து, முட்டைக்குப் பதிலா கால் கப் பால் ஊத்தி ஒரு ட்ரே வெச்சுப் பார்த்தாச்சு. வெண்ணெய் அரை கப், ரெண்டு சர்க்கரையும் சேர்த்து முக்கால் கப், மைதா ஒரு கப்புக்குக் கொஞ்சம் மேல, சோடா அரை தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி. 180 டிகிரி. எட்டு நிமிஷத்துல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே தகடா ஓடிடுச்சு. ஓரம் கருகல், நடுவுல எண்ணெய்ப் பிசுக்கு, வாயில வெச்சா உப்புக் கரிக்குது.

ஏன் இப்படிப் பரவுது? நாட்டுச் சர்க்கரை போடலாமா? இதய வடிவத்துல வெட்ட முடியுமா? உருகாம, உடையாம எப்படி அனுப்புறது? ஒவ்வொண்ணா சொன்னாலும் சரி.

ஈரோட்டு அக்கா

தம்பி, முட்டையை எடுத்தீங்க சரி. அது பார்த்துட்டிருந்த வேலையை யார்கிட்டயும் ஒப்படைக்கலை. அதான் விஷயம்.

இந்தக் குக்கீ அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ் பக்கம் விட்மன்ங்கிற ஊர்ல, ரூத் வேக்ஃபீல்டுங்கிற அம்மா 1930-கள்ல கொண்டுவந்தது. அந்த அளவுல ரெண்டேகால் கப் மைதாவுக்கு ரெண்டு முட்டை. சூட்டுல முதல்ல வெண்ணெய் உருகும், அப்புறம் சர்க்கரை பாகாகும், மாவு ஓட ஆரம்பிக்கும். அந்த நேரத்துல முட்டையோட புரதம் இறுகி, "போதும், இங்கயே நில்லு"ன்னு பிடிச்சு நிறுத்தும். முட்டை இல்லைன்னா அந்தப் பிடிமானத்தை மைதாவும் குளிர்ச்சியும்தான் கொடுக்கணும். நீங்க மைதாவையும் கூட்டலை, மாவையும் குளிர வைக்கலை, மேல 60 மில்லி பாலையும் ஊத்தியிருக்கீங்க. ஓடாம என்ன செய்யும்?

கப் அளவை விட்டுடுங்க. மைதாவைப் பையில இருந்து கப்பால அள்ளினா 140 கிராம், கரண்டியால போட்டு வழிச்சா 120 கிராம். கிச்சன் தராசு ஒண்ணு வாங்கிக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

உப்புக் கரிப்புக்குக் காரணம் அந்த வெண்ணெய். உப்பு போட்ட வெண்ணெய் 100 கிராம்ல சுமார் 2 கிராம் உப்பு இருக்கும். உங்க அரை கப்புல ரெண்டு கிராமுக்கு மேல ஏற்கனவே வந்தாச்சு, அதுக்கு மேல அரை தேக்கரண்டின்னா இன்னும் மூணு கிராம். இந்த வெண்ணெய்க்குத் தனியா உப்பே வேணாம்.

இப்ப அளவு சொல்றேன், 30 கிராம் உருண்டையா 20, 21 வரும். வெண்ணெய் 115 கிராம். நாட்டுச் சர்க்கரை 100 கிராம், சல்லடையில சலிச்சது. வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், மிக்சியில ஒரே ஒரு சுத்து விட்டது, முழுப் பொடியா வேணாம். மைதா 175 கிராம், சோள மாவு (கார்ன்ஃப்ளார்) 10 கிராம், பால் பவுடர் ஒரு மேஜைக்கரண்டி. சமையல் சோடா கால் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரை தேக்கரண்டி, ரெண்டும் தலை தட்டி. கெட்டித் தயிர் ஒரு மேஜைக்கரண்டி, பால் ஒரு மேஜைக்கரண்டி. வெனிலா ஒரு தேக்கரண்டி. சிப்ஸ் 150 கிராம், அதுல 30 கிராமைத் தனியா எடுத்து வெச்சிடுங்க.

தயிர் எதுக்குன்னா, சோடாவுக்குப் புளிப்பு வேணும், இல்லைன்னா அது முழுசா வேலை செய்யாம நாக்குல சோப்பு மாதிரி நிக்கும். பால் பவுடர் நிறத்துக்கு. முட்டை இல்லாத குக்கீ வெளிறித்தான் இருக்கும், நிறம் வரட்டும்னு அடுப்பிலயே விட்டா காஞ்சு போயிடும்.

வெண்ணெய் பதம்தான் முக்கியம். சமையல் குறிப்புல "அறை வெப்பநிலை"ன்னு போட்டிருப்பான், அது அவன் ஊர் அறை, 20 டிகிரி. நம்ம ஊர் மத்தியானத்துல வெளிய வெச்ச வெண்ணெய் அரை மணியில எண்ணெய் கக்க ஆரம்பிச்சிடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து, கட்டை விரல் அளவு துண்டா நறுக்கி, பத்து நிமிஷம் விடுங்க. விரலால அழுத்தினா குழி விழணும், ஆனா மேல பளபளப்பு இருக்கக் கூடாது. பளபளன்னு தெரிஞ்சா அது ஏற்கனவே கையை விட்டுப் போச்சு, திரும்ப உள்ள வைங்க.

விஸ்க் போதும். வெண்ணெயும் ரெண்டு சர்க்கரையும் சேர்ந்து க்ரீம் மாதிரி ஆனா சரி, ரெண்டு நிமிஷ வேலை. கேக்குக்கு அடிக்கிற மாதிரி வெளுக்க வெளுக்க அடிக்காதீங்க. உள்ள ஏறின காத்து அடுப்புல உப்பி, வெளிய எடுத்ததும் அமுங்கி, அதுலயும் பரவும். தயிர், பால், வெனிலா போட்டுக் கலக்கி, சோடா, பவுடர் எல்லாம் சேர்த்துச் சலிச்ச மாவைப் போட்டு, கரண்டியால மடிச்சு விடுங்க. வெள்ளைப் பொடி கண்ணுக்கு மறைஞ்சதும் நிறுத்தணும். சப்பாத்திக்குப் பிசையற மாதிரி பிசைஞ்சா ரப்பராயிடும். கடைசியில சிப்ஸ். மாவு உருண்டை பிடிக்கும்போது உதிர்ந்தா ஒரு தேக்கரண்டி பால், அவ்வளவுதான்.

உருண்டையைப் பிடிச்சிட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. மொத்தமா வெச்சா மறுநாள் கல்லு மாதிரி இருக்கும், உருட்ட முடியாது. குறைஞ்சது நாலு மணி நேரம், 24 மணி நேரம் வெச்சா ரொம்ப நல்லது. 2008-ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில வந்த குக்கீ குறிப்புல 24 முதல் 36 மணி நேரம்னு இருக்கும், அதுக்கப்புறம்தான் இது ஊரெல்லாம் பரவிச்சு. மைதா அந்த ஈரத்தை நிதானமா உறிஞ்சிக்கும், மாவு இறுகும், நிறம் ஒரே சீரா வரும், வாசனையும் கூடும். மூடி போட்டு வைங்க, இல்லைன்னா ஃப்ரிட்ஜ்ல இருக்கிற சாம்பார் வாசனை எல்லாம் வெண்ணெய்க்கு ஏறிடும்.

முப்பது_லிட்டர்

அக்கா மாவைச் சொல்லிட்டாங்க, நான் அடுப்பைச் சொல்றேன் சகோ.

ஓடிஜி திருகுல 180-னு வெச்சா உள்ள 180 இருக்கும்னு நம்பாதீங்க. வெப்பம் ஏறி, கம்பி அணைஞ்சு, இறங்கி, மறுபடி எரியும். 160-க்கும் 200-க்கும் நடுவுல ஊஞ்சலாடுறது சாதாரணம். உள்ளே தொங்கவிடுற ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கிடுங்க. கம்பி அணைஞ்சதும் "சூடாயிடுச்சு"ன்னு ட்ரேயை உள்ளே தள்ளுறதுதான் பெரும்பாலானவங்க பண்றது. அப்போ காத்து மட்டும்தான் சூடா இருக்கு, சுவர் சூடாகலை. கதவைத் திறந்த உடனே 30, 40 டிகிரி இறங்கிடும். இறங்கின சூட்டுல வெண்ணெய் மெதுவா உருகி ஓடிடும், ஓரம் இறுக நேரம் ஆகும். நீங்க சொன்ன தகடு பாதி இதனாலயும் வந்திருக்கும். மேல், கீழ் ரெண்டு கம்பியும் போட்டு, முழுசா 20 நிமிஷம் சூடு பண்ணுங்க.

தெர்மாமீட்டர்ல 170 தெரியணும். நடு அடுக்கு. ஒரு தடவைக்கு ஒரே ட்ரே, ஒரு ட்ரேக்கு ஆறு உருண்டை, நடுவுல நாலு விரல் இடைவெளி. உருண்டை ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா ட்ரேக்கு, ட்ரேயில இருந்து நேரா அடுப்புக்கு. அக்கா சொன்ன அளவுல, குளிரவெச்ச மாவு தானா அவ்வளவா பரவாது, அதனால உருண்டையை உள்ளங்கையால லேசா அமுக்கி ஒண்ணரை செ.மீ. உயரத்துக்குக் கொண்டு வாங்க. எடுத்து வெச்ச சிப்ஸ்ல நாலஞ்சு எடுத்து மேல குத்தி விடுங்க. பரிசுக்குப் பார்வை முக்கியம், உள்ளே மறைஞ்ச சிப்ஸ் போட்டோவுல தெரியாது.

30 கிராம் உருண்டைக்கு 11, 12 நிமிஷம். ஒன்பதாவது நிமிஷத்துல ட்ரேயை முன் பின் மாத்துங்க, ஏன்னா விசிறி இல்லாத அடுப்புல பின்பக்கம் சூடு அதிகம். ஓரம் விரல் அகலத்துக்குப் பொன்னிறம், நடுப்பகுதி வெளிறி, தொட்டா மெத்துனு இருக்கணும். அதுதான் எடுக்கிற நேரம். "இன்னும் வேகலை"ன்னு தோணும், தோணட்டும். சூடான ட்ரேயிலயே பத்து நிமிஷம் இருந்து மீதி வெந்துக்கும். அப்புறம் தோசைத் திருப்பியால எடுத்துக் கம்பி வலைக்கு மாத்துங்க. தட்டுல வெச்சா அடியில வியர்த்து நமத்துடும்.

அடுத்த தடவைக்கு அதே சூட்டு ட்ரேயில வைக்காதீங்க. குழாய்த் தண்ணி காட்டி ஆறவெச்சுத் துடைச்சிட்டு வைங்க. அடுப்போட வர்ற கறுப்பு ட்ரேன்னா அடி சீக்கிரம் கருகும், அதுக்கு 160 போதும். ட்ரேக்கு நெய், வெண்ணெய் எதுவும் தடவ வேணாம், வழுக்கிக்கிட்டு இன்னும் பரவும். பேக்கிங் பேப்பர் போடுங்க. கடையில பட்டர் பேப்பர்னு கேட்டா சில இடத்துல மெழுகு தடவினதைத் தருவாங்க, அது அடுப்புல புகையும். உறையில "ஓவனுக்கு ஏற்றது"ன்னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

சிப்ஸ் பத்தி ஒரு வார்த்தை. பொட்டலத்தைத் திருப்பி சேர்மானத்தைப் படிங்க. கோகோ பட்டர் இருந்தா நிஜ சாக்லேட். அதுக்குப் பதில் தாவரக் கொழுப்பு, பனை எண்ணெய்னு இருந்தா காம்பவுண்ட். காம்பவுண்ட் மலிவு, வெயில்ல நின்னு பிடிக்கும், ஆனா வாயில மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும். நிஜ சாக்லேட் சுமார் 34 டிகிரியில உருகும். அது வாயில கரையறதும் அதனாலதான், கூரியர் வண்டியில இளகுறதும் அதனாலதான். என்னைக் கேட்டா நிஜ சாக்லேட் சிப்ஸ்தான். குக்கீக்குள்ள பதிஞ்சிருக்கிற சிப்ஸ் இளகினாலும் வழியாது, ஆறினதும் இறுகிடும். பார் சாக்லேட்டை நறுக்கிப் போடுறது ருசி, ஆனா அது குளம் மாதிரி உருகி நிக்கும், பார்சலுக்கு ஆகாது.

வெண்ணெய்த்தாழி

இங்கே யாரும் சொல்லாத ஒன்று: வெண்ணெயைக் காய்ச்சிச் சேர்த்துப் பாருங்கள். முட்டை இல்லாததால் குறையும் சுவையை இது ஈடு செய்யும்.

நெய் காய்ச்சத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. நெய்க்கு எப்படியோ அப்படியே, அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் உருக்குங்கள். முதலில் சடசடப்பு, அது தண்ணீர் போகும் ஓசை. சத்தம் அடங்கி நுரை பொங்கும்போது கரண்டியால் விலக்கி அடியைப் பாருங்கள். பால் துகள் வெள்ளையிலிருந்து தேன் நிறத்துக்கு மாறிய நொடியில் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதே பாத்திரத்தில் விட்டால் இருக்கும் சூட்டிலேயே கறுத்துக் கசந்துவிடும். நெய்யாக இருந்தால் வடிகட்டுவோம். இங்கே வடிகட்டக் கூடாது. மணம் முழுவதும் அந்தத் துகளில்தான் இருக்கிறது.

வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். 115 கிராம் காய்ச்சினால் 96, 97 கிராம்தான் மிஞ்சும். தராசில் வைத்து, குறைந்த எடைக்குக் குளிர்ந்த பால் சேர்த்து மறுபடி 115 ஆக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் மாவு மணல் போல் உதிரும். பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து, இடையிடையே கலக்கி, களிம்புப் பதத்துக்கு இறுகிய பின்புதான் சர்க்கரையோடு சேர்க்க வேண்டும். திரவமாக ஊற்றினால் பரவல் பிரச்சினை மறுபடி வந்து நிற்கும். உப்பில்லாத வெண்ணெய் கிடைத்தால் அதை எடுங்கள். உப்பு போட்டது அதிகம் நுரைக்கும், அடி தெரியாது. உப்பில்லாததை எடுத்தால் கால் தேக்கரண்டி உப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நாட்டுச் சர்க்கரையில் அக்காவோடு எனக்கு உடன்பாடில்லை. நூறு கிராம் போட்டால் சாக்லேட்டை மிஞ்சிக்கொண்டு வெல்ல வாசனைதான் நிற்கும். பாதிக்குப் பாதி பிரவுன் சுகர் போடலாம். ஆனால் வாங்கும்போது பொட்டலத்தை அழுத்திப் பாருங்கள். ஈர மணல் போல் பிடிபட்டால் அது மொலாசஸ் என்ற கரும்புப் பாகு கலந்த பிரவுன் சுகர். கற்கண்டுத் தூள் போலக் கலகலவென்று உதிர்ந்தால் அது நிறமுள்ள வெறும் சர்க்கரை, குக்கீயின் மெதுத்தன்மைக்கு உதவாது.

ஈரோட்டு அக்கா

காய்ச்சின வெண்ணெய் அருமைதான், மறுக்கலை. ஆனா இந்தத் தம்பிக்கு ஒரு வாரம்தான் இருக்கு, முதல்ல பரவாம நிக்கட்டும். களிம்புப் பதம் பிடிக்கிறது பழக்கத்துல வர்றது. ரெண்டு டிகிரி தப்பினாலும் திரும்ப ஓடும்.

நாட்டுச் சர்க்கரை விஷயத்துல பாதி ஒத்துக்கறேன். 50 கிராம் நாட்டுச் சர்க்கரை, 50 கிராம் நல்ல பிரவுன் சுகர்னா இன்னும் நல்லா இருக்கும். கிடைக்கலைன்னா 100-ம் நாட்டுச் சர்க்கரையே போடுங்க. அவங்க அம்மா அதிரசம் சுடற வீடுன்னா அந்த வாசனையைக் குறையாவே நினைக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, நாட்டுச் சர்க்கரை பொட்டலத்துக்குப் பொட்டலம் ஈரம் மாறும். கையில பிடிச்சா உருண்டையா நின்னா, ஒரு தட்டுல பரப்பி மின்விசிறிக்கு அடியில ஒரு மணி நேரம் வெச்சிட்டு அப்புறம் எடை போடுங்க.

புதுஅடுப்பு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தராசும் தெர்மாமீட்டரும் இன்னைக்கே வாங்கிடறேன். இதய வடிவத்துக்கு யாரும் பதில் சொல்லலையே? அச்சு 6 செ.மீ. ஒண்ணு இருக்கு. ஐசிங்ல பேர் எழுதலாமான்னும் யோசனை. இன்னொண்ணு, காஞ்ச ரோஜா இதழ், முந்திரி ஏதாவது சேர்த்தா நல்லா இருக்குமா?

முப்பது_லிட்டர்

இந்த மாவை இதய அச்சுல வெட்டி அடுப்புல வெச்சா, கூர் முனை முதல்ல கருகும், மேல இருக்கிற பள்ளம் நிரம்பும், வெளிய வர்றது வெத்தலை மாதிரியும் இருக்காது, இதயம் மாதிரியும் இருக்காது. புளிக்க, உப்ப எதுவும் சேர்க்காத கட்டி மாவுதான் வடிவம் காக்கும், அது வேற பிஸ்கட்.

வடிவம் வேணும்னே இருந்தா, சுட்ட பிறகு வெட்டுங்க. மாவை பேக்கிங் பேப்பர் மேல ஒரு செ.மீ. கனத்துக்கு ஒரே பலகையா பரப்பி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ். 165 டிகிரியில 18 முதல் 20 நிமிஷம். வெளிய எடுத்து ஆறேழு நிமிஷத்துல, சூடு இருக்கும்போதே அச்சை நேரா இறக்கி அழுத்துங்க, திருகாதீங்க. ஆறினப்புறம் வெட்டினா விரிசல் விழும், ரொம்ப சூட்டுல வெட்டினா சாக்லேட் இழுத்துக்கிட்டு வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் அச்சைத் துடைக்கணும். பெரிய சிப்ஸ் அச்சுக்குக் கீழ மாட்டும், சின்ன சிப்ஸ் போடுங்க. மூணுல ஒரு பங்கு வெட்டுத்துண்டா மிஞ்சும், அது உங்களுக்கு.

என் விருப்பம் வட்டம்தான். அடுப்புல இருந்து எடுத்த உடனே, குக்கீயை விடக் கொஞ்சம் பெரிய டம்ளரைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே அது சுத்துற மாதிரி வட்டமா நாலு சுத்து சுத்தினா ஓரம் சீராகி, கடையில வாங்கினது மாதிரி நிக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ள செய்யணும், அப்புறம் இறுகிடும்.

ஐசிங் வேணாம். பயணத்துல ஈரம் பட்டா கசியும், இல்லைன்னா உதிரும். பேர், வாழ்த்து எல்லாம் அட்டையில எழுதுங்க.

பார்சல்பெட்டி

ரோஜா இதழ் சேர்க்கறது உங்க இஷ்டம், ஆனா அடுப்புல கறுத்துக் கசக்கும், சுட்ட பிறகு மேல தூவினா உதிரும். முந்திரி போடுறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒவ்வாமை ஏதும் இருக்கான்னு கேளுங்க. ஆச்சரியப் பரிசுதான், இருந்தாலும் அவங்க தோழியையோ தங்கச்சியையோ கேட்கலாமே. கூடவே, பேக்கிங் பவுடர்ல இருந்து எசென்ஸ் வரைக்கும் எல்லாத்துலயும் பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. முட்டை சேர்ந்ததுக்கு நம்ம நாட்டுல பழுப்புக் குறிதான். கேக் மேல தூவுற வண்ண மணிகள்ல சிலதுல ஜெலட்டின் (விலங்கோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிறது) இருக்கும், அதையும் தொட வேணாம். விஸ்க், பாத்திரம் எல்லாம் முட்டை பட்டதா இருந்தா நல்லா தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

இனி பார்சல். அனுப்பப் போற குக்கீயை, வீட்ல திங்கிறதை விட ஒரு நிமிஷம் கூட வேக விடுங்க. நடு ரொம்ப மெத்துனு இருந்தா வழியில மடங்கி உடையும். அக்கா 30 கிராம் சொன்னது சரியான அளவு. பெரிய குக்கீ பார்க்க அழகு, ஆனா எட்டு, ஒன்பது செ.மீ. போனா பாதி உடைஞ்சுதான் போய்ச் சேரும்.

சுட்டு ஒண்ணரை மணி நேரம் ஆறணும். கைக்குச் சூடு தெரியலைன்னாலும் உள்ளே சூடு இருக்கும், மூடினா மூடியில தண்ணி கோர்த்து மறுநாள் எல்லாம் நமத்துப் போயிருக்கும். சிப்ஸ் முழுசா இறுகலைன்னா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கும்போது பூசிக்கும். அந்த நேரத்துல வேணும்னா பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ், அதுக்கு மேல வேணாம்.

சுத்தளவு சரியா பொருந்துற வட்டத் தகர டப்பா வாங்குங்க. இந்தக் குக்கீ ஏழு செ.மீ. அளவுல வரும், உள்விட்டம் எட்டு செ.மீ. இருக்கிற டப்பா போதும். ரெண்டு குக்கீயை முதுகும் முதுகும் ஒட்டுற மாதிரி, சிப்ஸ் பக்கம் வெளிய பார்க்கிற மாதிரி ஜோடி சேர்த்து, ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவுல வட்டமா நறுக்கின பேக்கிங் பேப்பர். அடியிலயும் மேலயும் கசக்கின பேப்பர், மூடினதும் குலுக்கிப் பாருங்க. சத்தம் வந்தா இன்னும் அடைக்கணும். குக்கீயை உடைக்கிறது டப்பா விழுறது இல்லை, உள்ளே அது ஆடுறதுதான். மூடி விளிம்பைச் சுத்தி டேப் ஒட்டிடுங்க, சென்னையோட ஈரக் காத்து உள்ளே போனா ஓரத்து மொறுமொறுப்பு ஒரே ராத்திரியில போயிடும்.

சிலிக்கா ஜெல் பாக்கெட் போடாதீங்க, நடுவுல இருக்கிற மெதுவையும் உறிஞ்சிடும். மெதுவா இருக்கட்டும்னு ரொட்டித் துண்டு வைக்கச் சொல்லுவாங்க, அது வீட்டு டப்பாவுக்குச் சரி, ரெண்டு நாள் வெயில்ல போற பார்சலுக்குள்ள பூஞ்சை பிடிச்சுடும்.

தகர டப்பாவைக் குமிழி உறையில ரெண்டு சுத்து சுத்தி, எல்லாப் பக்கமும் மூணு விரல் இடம் விடுற அட்டைப் பெட்டியில வெச்சு, அந்த இடத்தை நாளிதழ் கசக்கி அடைச்சுடுங்க. வெயிலுக்கும் இதுதான் தடுப்பு, அடைச்ச காத்து சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. கோடையில ஜெல் ஐஸ் வைக்கணும்னு தோணும். உருகினா வெளிய வியர்க்கும், அட்டை ஊறும், வேணாம். மல்லிகை, வாசனை மெழுகுவர்த்தி, சோப்பு எதையும் அதே பெட்டியில வைக்காதீங்க. வெண்ணெய் எல்லா வாசனையையும் இழுத்துக்கும், குக்கீயில குளியலறை வாசனை வரும். பரிசோட பூ சேர்க்கணும்னா தனிப் பார்சல்.

வெயில்ல சிப்ஸ் இளகி மறுபடி இறுகும்போது மேல சாம்பல் மாதிரி வெள்ளைப் படலம் வரலாம். கோகோ கொழுப்பு மேல வர்றது அது, பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். அட்டையில ஒரு வரி எழுதி வைங்க, இல்லைன்னா பார்த்துப் பயந்து தூக்கிப் போட்டுடுவாங்க. அதே அட்டையில முட்டை இல்லை, மைதா, பால், சோயா இருக்குன்னும், சுட்ட தேதியும் எழுதுங்க. சோயா எங்க வந்ததுன்னா, சிப்ஸ்ல பெரும்பாலும் சோயாவுல இருந்து எடுத்த லெசித்தின் இருக்கும். அறை வெப்பத்துல ஆறு நாள் வரைக்கும் ருசி குறையாது.

புதுஅடுப்பு

தெளிவாயிடுச்சு. கடைசியா ஒண்ணு: சனிக்கிழமை அவங்க கைக்குக் கிடைக்கணும்னா எந்த நாள் என்ன செய்யணும்? ஆபீஸ் முகவரிக்கு அனுப்பலாமா?

பார்சல்பெட்டி

வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ற மாதிரி பாருங்க, சனிக்கிழமையை நம்பி நிக்காதீங்க. தாமதமானா ஞாயித்துக்கிழமை குடோன்ல கிடக்கும், பல இடத்துல ஞாயிறு டெலிவரி கிடையாது. பின்னாடி இருந்து கணக்குப் போட்டா, செவ்வாய் ராத்திரி மாவு, புதன் ராத்திரி சுட்டு ஆறவெச்சு அடுக்கல், வியாழன் மத்தியானத்துக்கு மேல கூரியர்ல கொடுக்கணும். கோவைல இருந்து சென்னைக்கு ராத்திரி வண்டி, வெயில் படாது. சாயங்காலம் எத்தனை மணிக்கு வண்டி கிளம்புதுன்னு கவுன்டர்லயே கேட்டு, அதுக்கு முன்னாடி கொடுங்க. காலையிலயே கொடுத்தா பகல் முழுக்க தகரக் கூரைக்கு அடியில கிடக்கும்.

ஆபீஸ்னா வெள்ளிக்கிழமை அவங்க வேலைக்குப் போறாங்களான்னு முதல்ல பாருங்க. பல ஐடி கம்பெனியில பார்சலை வாசல் செக்யூரிட்டியிலயே வாங்கி வெயில்ல வைப்பாங்க. விடுதியோ வீடோ இருந்தா அதுவே மேல்.

ஈரோட்டு அக்கா

இதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. ரெண்டு மடங்கு மாவு கலந்து, பாதி உருண்டையை ஃப்ரீசர்ல போட்டுடுங்க. தட்டுல தனித்தனியா உறையவெச்சு அப்புறம் ஜிப் கவர்ல போட்டா ரெண்டு மாசம் நிக்கும். சுடும்போது ஃப்ரீசர்ல இருந்து எடுத்து பத்து நிமிஷம் விட்டு, அமுக்கி, ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூட வைங்க. புதன் ராத்திரி ஒரு ட்ரே கருகினாலும் கையில மாவு இருக்கும். முதல்ல ரெண்டே ரெண்டு உருண்டையை மட்டும் வெச்சு உங்க அடுப்புக்குச் சரியான நிமிஷத்தைக் கண்டுபிடிச்சிட்டு, அப்புறம் முழு ட்ரே வைங்க. அந்த ரெண்டும் பரவுனா மீதி மாவுல ஒரு மேஜைக்கரண்டி மைதா தூவி மடிங்க, பரவாம மலை மாதிரி நின்னா கையால இன்னும் கொஞ்சம் அமுக்கி வைங்க.